ஓசூர் வீட்டுத் தொட்டியில் சுறா வளருமா?

கேள்வி: ஓசூரில் வண்ண மீன் கடைக்காரர் ஒருவர் ‘மூங்கில் சுறா’ முட்டை வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரு அடிக்கு மேல் வளராதாம். வீட்டில் 4 அடி கண்ணாடித் தொட்டி இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து வளர்க்கலாமா? மகன் ஒரே பிடிவாதமாக இருக்கிறான்.

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். ஒரு அடி என்பது சரியில்லை. மூங்கில் சுறாக்கள் இரண்டரை, மூன்று அடி வரை வளரும்.

கடலடியிலேயே கிடக்கும் சுறா இது. மூக்கருகே இரண்டு குட்டி மீசை, கண்ணுக்கு முன்னாலேயே சின்ன வாய், நீளமான வால். பகலில் பவளப்பாறை இடுக்கில் படுத்துக்கொள்ளும். இரவில் துடுப்புகளை ஊன்றித் தவழ்ந்து இறால், நண்டு, புழு தேடும். பெரிய சுறாக்கள் பலவற்றுக்கு நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. இது படுத்தபடியே செவுளுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிராணவாயு குறைந்தாலும் தாங்கும். அந்தத் தாங்கும் சக்திதான் அதற்கு வினை. பையில் அடைத்து அனுப்பினாலும் உயிரோடு வந்து சேர்வதால், ‘சுலபமாக வளர்வது’ என்று பெயர் வாங்கிவிட்டது.

முட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழுப்பு நிறத்தில் தோல் பை மாதிரி இருக்கும். பின்னால் டார்ச் அடித்தால் உள்ளே குஞ்சு வால் ஆட்டுவது தெரியும். 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: வேட்டை மீனின் உடலிலிருந்து வருவது போன்ற மெல்லிய மின்துடிப்பை அருகே உண்டாக்கினால், முட்டைக்குள் இருக்கும் குஞ்சு செவுள் அசைவைக்கூட நிறுத்திவிட்டு அப்படியே உறைந்துபோகிறது. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் இந்தச் சூதானம்!

இழுவலைக்கு முன்னால் இதெல்லாம் பலிப்பதில்லை. இறாலுக்காகத் தரையோடு தரையாக இழுக்கும்போது சுறாவும் முட்டையும் சேர்ந்தே வருகின்றன. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கரையில் சங்காயக் குவியலை, அதாவது வலையில் வந்த கழிவு மீன் குவியலைக் கிளறியபோது, காரல் மீன்களுக்கு நடுவே விரல் நீள மூங்கில் சுறாக்குட்டி ஒன்றைப் பார்த்தேன். உடம்பெல்லாம் வரிவரியாக, வாய் திறந்தபடி. அந்தக் குவியல் மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த முட்டைகள் பொரிய ஏறக்குறைய மூன்று மாதம், சில இனங்களில் ஐந்து மாதம்வரை ஆகும். ஒரு தடவைக்கு இரண்டே முட்டை வேறு. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளும் 2010, 2016 வெப்பத்தில் வெளுத்து அடிபட்டவை. இத்தனைக்கும் மேல் நாமும் ஒரு முட்டையை எடுக்க வேண்டுமா?

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். 4 அடித் தொட்டியில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். இந்தச் சுறா திரும்பிப் படுக்கவே 8 அடி நீளம், 4 அடி அகலம் வேண்டும் என்பேன். இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 1,800 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை என்றால் முதல் நிரப்பலுக்கே 63 கிலோ. கல் உப்பு உதவாது. அதில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் போதுமான அளவில் கிடையாது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையும் ஃபுளூரைடும் தெரிந்ததுதானே, அதனால்தான் ஒகேனக்கல் குடிநீரே வந்தது. ஆர்.ஓ. தண்ணீர்தான் வாங்க வேண்டும். மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டர். அப்புறம், மீன் நோய்க்கு விற்கும் தாமிர மருந்து சுறாவைக் கொன்றுவிடும்.

மகனை ஒரு விடுமுறையில் மண்டபம் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுங்கள். வீட்டுத் தொட்டியில் கப்பி, மோலி விடுங்கள். ‘பாலா ஷார்க்’, ‘இரிடிசென்ட் ஷார்க்’ என்று கடையில் சொன்னால், அவை சுறாவே இல்லை, நன்னீர் மீன்கள். இரண்டாவதாகச் சொன்னது மூன்றடிக்கு மேலும் வளரும் கெளுத்தி இனம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், தொட்டி கொள்ளவில்லை என்று கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ காவிரியிலோ விட்டுவிடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.