இரண்டு ரூபாய் கட்டிவிட்டுச் சந்தேகப்படுங்கள்

வாத்தியார் வேலையில் இருந்த காலத்தில் 11 தேர்தல்களில் பூத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முதல் மூன்று தடவை மை வைப்பவனாக, அப்புறம் எல்லாம் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, யாருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை, அதனால் ஓட்டுப் போடுவதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி வாக்காளர் அட்டையைப் பற்றி, பாதி எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி. கேள்விகளில் இருந்த கட்சிப் பெயர்களை எடுத்துவிட்டேன். எந்தக் கட்சியைப் போட்டுப் படித்தாலும் பொருந்துகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: சார், வீடு மாறியதில் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் போட்டோ இருக்கிறதே, அது போதாதா?

போதாது. இந்த ஒரு கேள்விக்காகவே ஒவ்வொரு தேர்தலிலும் காலை ஏழரை மணிக்கு ஒரு சண்டை நடக்கும். குழப்பத்துக்குக் காரணம் பட்டியலிலேயே இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களைத் தேர்தல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. அதில் 'ஸ்மார்ட் கார்டு' என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் தந்தது, இன்னொன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. நம் ரேஷன் கார்டு இரண்டும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இல்லை.

உங்களிடம் இருக்கக்கூடியவை: ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோவுடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை. அரசு ஊழியர் என்றால் அலுவலக அடையாள அட்டையும் செல்லும். இதில் எதுவானாலும் அசலை எடுத்துக்கொண்டு போங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போனைப் பூத்துக்குள் விடமாட்டார்கள்.

ஓசூரிலிருந்து ஓர் அம்மா: அட்டை கையில் இருக்கிறது. போன தடவை 'பெயர் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டை கொடுத்ததே அரசாங்கம்தானே?

அம்மா, அட்டை நீங்கள் யார் என்று சொல்லும், அவ்வளவுதான். ஓட்டுப் போடலாமா என்பதைப் பட்டியல்தான் சொல்லும். பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லாவிட்டால் மேலே சொன்ன ஏதாவது ஒன்றைக் காட்டிப் போடலாம். அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் பூத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேட்புமனு கடைசி நாள் வரை பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கடைசி நாளில் படிவம் 6 கொடுத்தால் விசாரிக்க நேரம் இருக்காது, அதற்குப் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள்.

அட்டையில் 'முருகேசன்', பட்டியலில் 'முருகேஷன்' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஆள் அவர்தான் என்று தெரிந்தால் எழுத்துப்பிழைக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு. போட்டோ பொருந்தாவிட்டால் மட்டும் வேறு ஆவணம் கேட்பார்கள்.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: பூத்துக்குள் உட்காரும் கட்சி ஏஜென்ட்டுகள் 'அட்டையைக் காட்டு, முகத்தைக் காட்டு' என்று கேட்கலாமா?

கேட்கக் கூடாது. அடையாளம் பார்ப்பது வாக்குப்பதிவு அலுவலர் வேலை. அவர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். ஏஜென்ட் அதைக் காதில் வாங்கித் தன் பட்டியலில் கோடு போடலாம். வாக்காளரோடு அவர் நேராகப் பேச வேண்டிய அவசியமே இல்லை. முகத்தை மூடி வரும் பெண்கள் என்றால் பெண் அலுவலர் ஒருவர் மறைவான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது நினைவிருக்கும். 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மேலூரில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைப் பார்த்து பா.ஜ.க. ஏஜென்ட் ஆட்சேபம் எழுப்பினார். வாக்குப்பதிவு சிறிது நேரம் நின்றது, கடைசியில் அந்த ஏஜென்ட்டை வெளியே அனுப்பினார்கள். அந்த அறையில் அவருக்கு எதிராகச் சேர்ந்து குரல் கொடுத்தவர்கள் தி.மு.க., அ.தி.மு.க. ஏஜென்ட்டுகள். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றதை நான் பார்த்த தேர்தல்களில் எண்ணிவிடலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி: நான் இந்தத் தடவை ஏஜென்ட்டாக உட்காரப் போகிறேன். கள்ள ஓட்டுப் போட வருகிறவனைக் கண்டால் என்ன செய்வது? எங்கள் ஆட்கள் 'பிடித்து வெளியே தள்ளு' என்கிறார்கள்.

தள்ளினால் உள்ளே போவது நீங்கள். சட்டம் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. விதி 49-ஜே. 'இவர் அவர் இல்லை' என்று நீங்கள் சொல்ல வேண்டியது தலைமை அலுவலரிடம். சொல்லும்போது இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இருநூறு இல்லை, வெறும் இரண்டு. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் தனித்தனியாக.

கட்டியதும் அலுவலர் வந்தவரை நிறுத்தி, ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று எச்சரிப்பார் (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 174, ஓராண்டு வரை சிறை). பட்டியலில் உள்ள பதிவை முழுதாகப் படித்து 'இது நீங்கள்தானா' என்று கேட்பார். ஆட்சேபிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்குவார். அப்புறம்தான் உங்கள் பக்கம் திரும்புவார்: ஆதாரம் எங்கே? முதலில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நிரூபணம் ஆகாவிட்டால் அவர் ஓட்டுப் போடுவார். நிரூபணம் ஆனால் போலீஸ் கையில் போவார். வேண்டுமென்றே கிளப்பிய ஆட்சேபம் என்று அலுவலர் நினைத்தால் உங்கள் இரண்டு ரூபாய் அரசுக்குப் போய்விடும்.

எனக்கு ஒரு தடவை வந்தது. ஊராட்சிப் பள்ளி, மத்தியானம் மூன்று மணி இருக்கும். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த ஒரு பையன், முகம் முழுக்கத் தாடி. அட்டையில் இருந்தது மீசை முளைக்காத முகம். ஒரு ஏஜென்ட் எழுந்து "இவன் அவன் இல்லை" என்றார். இரண்டு ரூபாய் கேட்டேன். அவரிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது, என்னிடம் சில்லறை இல்லை. எதிர்க்கட்சி ஏஜென்ட் "நான் வேணா தரட்டுமா?" என்று சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. கடைசியில் பாதுகாப்புக்கு நின்ற காவலர் பையிலிருந்து இரண்டு நாணயம் கைமாற்றாக வந்தது. பதிவைப் படித்தேன். பையன் அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் சரியாகச் சொன்னான். கிராம உதவியாளரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே "என்னடா இப்படி வளத்து வச்சிருக்க?" என்று கேட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

நியாயமான சந்தேகம்தான் என்று அந்த இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் வீட்டோடு இந்த ஏஜென்ட்டுக்கு உள்ளாட்சித் தேர்தல் பகை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்ட்டுகளை அந்தந்தப் பகுதி வாக்காளர்களாகவே போடச் சொல்வது முகம் தெரியும் என்பதற்காகத்தான். வெளியூரிலிருந்து டூட்டிக்கு வரும் எனக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. என் கையில் இருக்கும் அட்டையை விட, ஒருவரை ஒருவர் நம்பாத மூன்று ஏஜென்ட்டுகளின் கண்தான் கள்ள ஓட்டைத் தடுக்கிறது. அவர்களுக்குள் பகை இருப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டு பட்டியலைப் பார்க்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம் வரும்.

சென்னையிலிருந்து ஒருவர்: என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். 49-பி விதிப்படி எனக்கு ஓட்டுத் தரச் சொன்னேன், 'அதெல்லாம் சினிமாவில்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

'சர்கார்' படம் வருவதற்கு முன்பே அந்த விதி இருக்கிறது. அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால் உங்களுக்கு 'டெண்டர்' வாக்குச்சீட்டு தர வேண்டும். மெஷினில் இல்லை, காகிதத்தில். படிவம் 17-பியில் கையெழுத்துப் போட்டு, மறைவில் போய் அம்புக்குறி முத்திரை குத்தி, மடித்து அலுவலரிடமே கொடுக்க வேண்டும். அவர் தனி உறையில் வைப்பார். அடுத்த தடவை மறுத்தால் மண்டல அலுவலருக்குச் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் படத்தில் வருவது போல அது எண்ணிக்கையை மாற்றாது. எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். நீதிமன்றம் கேட்டால்தான் உண்டு. அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். 2008 சட்டமன்றத் தேர்தலில் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பற்றிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49, 2021-இல் தியாகராய நகரில் 137. இந்த மாதிரி இடங்களில் அந்த உறைக்கு மதிப்பு வரும்.

சேலத்திலிருந்து ஒருவர்: பூத்துக்கு வெளியே மேசை போட்டு ஸ்லிப் கொடுப்பதில்தான் எங்கள் தெருவில் வருஷா வருஷம் மண்டை உடைகிறது. யார் எங்கே உட்காரலாம்?

முன்பு 200 மீட்டர் என்றிருந்தது. 2025-இல் ஆணையம் அதை மாற்றி, 100 மீட்டருக்கு அப்பால் போடலாம் என்றது. அந்த 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம், அபராதம் 250 ரூபாய் வரை. கட்சிகள் தரும் ஸ்லிப் வெறும் வெள்ளைக் காகிதமாக இருக்க வேண்டும். சின்னம், கட்சி, வேட்பாளர் பெயர் எதுவும் கூடாது. நடப்பது வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் சண்டை வந்து புகார் ஆனால் முதலில் பிடிபடுவது சின்னம் அச்சடித்த ஸ்லிப் வைத்திருப்பவர்தான். இன்னொன்று: எந்த ஸ்லிப்பும் அடையாள ஆவணம் இல்லை. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தரும் அரசு ஸ்லிப்பும் 2019 முதல் செல்லாது, அட்டையோ மேலே சொன்ன ஆவணங்களில் ஒன்றோ வேண்டும்.

கோவையிலிருந்து ஒருவர்: தெருவில் கட்சித் தகராறு. அதற்கப்புறம் 'குடிபெயர்ந்துவிட்டார்' என்று என் பெயரை நீக்கச் சொல்லி யாரோ படிவம் 7 கொடுத்திருக்கிறார்கள். நான் பிறந்த வீட்டிலேயே இருக்கிறேன்.

அசிங்கமான வேலை இது. பூத்தில் கை ஓங்குவதாவது நாலு பேர் கண்ணில் படும். இது சத்தமில்லாமல் நடக்கும். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் முடிந்துவிடக் கூடாது என்றுதான் விதி. நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். மின்கட்டண ரசீது, ஆதார் எடுத்துக்கொண்டு விசாரணைக்கு நேரில் போங்கள். படிவம் கொடுத்தவரின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கும், நகல் கேளுங்கள். பொய் என்று தெரிந்தே எழுதியிருந்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 31-இன் கீழ் ஓராண்டு வரை சிறை. பெயரை நீக்கியே விட்டார்கள் என்றால் கலெக்டரிடம் மேல்முறையீடு, 15 நாளுக்குள்.

இந்தப் பயம் இப்போது அதிகமானதற்குக் காரணம் உண்டு. சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பர் 19 அன்று வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. தி.மு.க. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது, அ.தி.மு.க. ஆதரித்தது. யார் சரி என்று என்னிடம் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் கிடந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு நான் தேர்தல் நடத்தியிருக்கிறேன், சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆனால் வீடு பூட்டியிருந்தது என்பதற்காக ஒரு கட்டடத் தொழிலாளியின் பெயர் போனால் அதைச் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: ஆச்சிக்குக் கண் தெரியாது. கட்சிக்காரர் ஒருவர் 'நான் கூட்டிப்போகிறேன்' என்கிறார்.

வேண்டாம், நீங்களே போங்கள். உடன் போகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரே நாளில் இன்னொருவருக்குத் துணையாகப் போயிருக்கக் கூடாது, ரகசியம் காப்பேன் என்று எழுதித் தர வேண்டும். அந்தக் கட்சிக்காரர் காலையிலிருந்து எத்தனை ஆச்சிகளைக் கூட்டிப்போனாரோ. ஆச்சிக்கு 85 ஆகிவிட்டதென்றால் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே போடலாம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: நான் வெளிநாடுவாழ் வாக்காளர். ஆதார் போதுமா?

போதாது. அசல் பாஸ்போர்ட் மட்டும்.

விருதுநகரிலிருந்து ஒரு பெண்: என் வீட்டுக்காரர் ஒரு கட்சிக்கு ஏஜென்ட், என் தம்பி எதிர்க்கட்சிக்கு. ஒரே பூத். இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தள்ளித் தள்ளி உட்கார வைக்கச் சொல்லலாமா?

முடியாதம்மா. உட்காரும் வரிசைக்கும் விதி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சி முதலில், அப்புறம் மாநிலக் கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். கட்சிகளைப் பொறுத்து மாமனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டி வரலாம்.

என் பூத்தில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பதினோரு மணிவாக்கில் ஒருவர் வைத்திருந்த பட்டியலில் ஒரு தாள் விடுபட்டிருந்தது தெரிந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் தன் பட்டியலை நாலு விரல் அளவு அவர் பக்கம் நகர்த்தி வைத்தார், முகத்தைத் திருப்பவே இல்லை. அந்தத் தாள் முடியும் வரை இருவரும் அதையே பார்த்துக் கோடு போட்டார்கள். சாயங்காலம் பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதும் படிவம் 17-சியில் கையெழுத்துக்காக என் பேனாவை நீட்டினேன். ஒருவர் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மச்சான் அதை மறுபடி என்னிடமிருந்துதான் வாங்கினார்.