காலி செய்யச் சொல்கிறார்கள், போய்விடலாமா?

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் ஊரில் 11 வருடமாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். மேல்மாடியும் எதிர்வீடும் இப்போது நாள் வாடகைக்குப் போகின்றன. நடுராத்திரியில் படிக்கட்டில் பெட்டிகளை இழுக்கும் சத்தம். பழகிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒப்பந்தம் முடிய 8 மாதம் இருக்கிறது. ஆனால் உரிமையாளர், "இரண்டு மடங்கு வாடகை கொடுங்கள், இல்லையென்றால் சுயவிருப்பத்தோடு காலி செய்வதாக எழுதிக் கொடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அதுதான். சத்தம், வாடகை, பழகிய முகங்கள் இல்லாத தெரு எல்லாம் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தைக் கிளப்புகின்றன. ஆனால் "சுயவிருப்பத்தோடு" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நெருக்கடியால்தான் போனோம் என்று பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம். நோட்டீஸ் காலம், இழப்பீடு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் அடைத்துவிடும்.

ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அதில் இடம் இருந்தாலொழிய, ஒருதலையாக வாடகையை ஏற்ற முடியாது. பழைய வாடகையையே வங்கி வழியாகத் தவறாமல் செலுத்தி வாருங்கள். அவர் வாங்க மறுத்தால் அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் கதை வேறு. சில நாடுகளில் காலி செய்யச் சொல்லச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். சில இடங்களில் முறையான நோட்டீஸே போதும். உங்கள் ஊர் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் பேரம் பேச உங்களுக்கு எவ்வளவு பலம் என்பது தெரியும்.

அப்புறம், மேல்மாடியை நாள் வாடகைக்கு விட உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாக விடுபவர் பதிவு செய்ய வேண்டும், தானும் அங்கேயே தங்க வேண்டும்; 2023 செப்டம்பர் முதல் அதைக் கறாராக அமல்படுத்துகிறார்கள். பார்சிலோனா, சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் நீட்டிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. பாரிஸ் வழக்கு ஒன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குடியிருக்க வீடு கிடைக்காத நிலையைச் சமாளிக்க இப்படி நாள் வாடகைக்கு விட முன் அனுமதி பெற வேண்டும் என்று விதிப்பது சரியே என்று 2020இல் தீர்ப்பளித்தது. இரவுச் சத்தத்தைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். புகாருக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

இத்தனைக்கும் பிறகு, போவதே நல்லது என்று தோன்றினால் போகலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் உங்கள் நிபந்தனையில் போங்கள்: பிள்ளைகளின் படிப்பாண்டு முடியும்வரை அவகாசம், இடம்பெயரும் செலவு, முழு முன்பணம். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணம் கைக்கு வரும் நாளில் சாவியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கிடையில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் உங்கள் ஊர் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள்.