கோமாளிகளும் வின்னிபெக்கும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தே மைட் பி ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் குழு 2021ல் வெளியிட்ட ‘புக்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். சத்தியமாக ஒன்றும் ஒட்டவில்லை. நான் தொண்ணூறுகளில் பினாங்கில் வளர்ந்தவன். எங்களுக்கு ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் நிர்வாணா, பேர்ல் ஜாம். பாடுகிறவனுக்குத் தொண்டை கிழியும், கேட்கிறவனுக்கு நெஞ்சு கிழியும். இங்கே என்னடாவென்றால் அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் டைனோசரைப் பற்றி ஒரு பாட்டு, சர்க்கஸைப் பற்றி ஒரு பாட்டு, கோமாளியை மூழ்கடிப்பது பற்றி ஒரு பாட்டு என்று போகிறார்கள். ஊரே கொரோனாவிலும் வேலையில்லாமலும் நொந்து கிடந்தபோது இது தேவையா? நம் ஊர் ஆலிகேட்ஸ் குழுவின் பழைய பாட்டை இன்றைக்குப் போட்டாலும் மனம் லேசாகிறது. வயது ஏறினால் கலைஞன் கனிய வேண்டாமா, சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடிக்கொண்டே இருப்பதா? தவிர, ஒரு மலேசியத் தமிழனுக்கு இதில் என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர், பட்டர்வொர்த்

—

அன்புத் தம்பிக்கு,

ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லைதான், அதில் நான் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் ‘சின்னப் பிள்ளைகள் மாதிரி’ என்பதற்கும் அந்தக் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நீளம், அதனால் முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன்.

ஜான் ஃப்ளான்ஸ்பர்க், ஜான் லின்னெல் இருவரும் பள்ளிக்கால நண்பர்கள். 1982ல் நியூயார்க்கில் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் கையில் கிட்டார், இன்னொருவர் கையில் அக்கார்டியன், டிரம்ஸுக்கு ஆள் கிடையாது, இயந்திரத் தாளம்தான். கொஞ்ச நாளில் லின்னெலுக்கு மணிக்கட்டு உடைந்தது, ஃப்ளான்ஸ்பர்க் வீட்டில் திருடன் புகுந்தான். கச்சேரி செய்ய வழியில்லை. சரி என்று வீட்டுத் தொலைபேசியில், நாம் இல்லாத நேரத்தில் தகவல் பதிந்துகொள்ளும் இயந்திரம் இருக்குமே, அதில் தங்கள் பாட்டு ஒன்றைப் போட்டு வைத்து, அந்த எண்ணைப் பத்திரிகையில் விளம்பரம் செய்துவிட்டார்கள். கூப்பிட்டால் மணி அடிக்கும், இயந்திரம் எடுக்கும், பாட்டு ஓடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாம், அடுத்தவருக்கு லைன் கிடைக்காது.

இது வெறும் வேடிக்கைக் கதை என்று தாண்டிப் போகாதீர்கள். தொலைபேசி ரிசீவரில் பேஸ் கிட்டாரின் அடித்தொனி எங்கே கேட்கும், கிட்டாரின் இரைச்சல் எங்கே கேட்கும்? மெட்டும் சொல்லும்தான் மிஞ்சும். பிடிக்கவில்லையென்றால் கேட்கிறவன் உடனே வைத்துவிடுவான். முதல் வரியிலேயே ஆளைப் பிடித்து, சட்டென்று முடித்துவிட வேண்டும் என்ற கறார் இவர்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ‘புக்’கில் கேட்ட பாட்டுகள் எதுவும் வளவளவென்று இழுக்காததைக் கவனித்தீர்களா? கோபத்தில் கத்துகிற பாட்டுக்குக் குரலே பாதி வேலையைச் செய்துவிடும், மெட்டு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேடிக்கைப் பாட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. (நிர்வாணா எனக்கும் பிடிக்கும், அடிக்க வராதீர்கள்.)

1992ல் வந்த ‘அப்பல்லோ 18’ ஆல்பத்தின் கடைசியில் ‘ஃபிங்கர்டிப்ஸ்’ என்று 21 துண்டுகள் உண்டு. சில துண்டுகள் சில விநாடிகளே. ஏதோ ஒரு பழைய பாட்டின் பல்லவி மட்டும் காதில் விழுந்து அணைந்துபோன மாதிரி இருக்கும். சிடி பிளேயரை ஷஃபிளில் போட்டுக் கேட்டால் இந்த வரிசை இன்னும் சிறக்கும் என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். அப்போது சிடி இன்னும் புது வஸ்துதான். மற்றவர்கள் அதில் ஒலித் துல்லியத்தைப் பார்த்தபோது, இவர்கள் குலுக்கிப் போட ஒரு பொத்தான் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நம் காளமேகப் புலவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ‘த’ எழுத்து வரிசையை மட்டும் வைத்து வெண்பா பாடியவரைக் குழந்தைத்தனம் என்று நாம் சொன்னதில்லையே.

குழந்தைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்கள் உண்மையிலேயே குழந்தைகளுக்கென்று ஆல்பங்கள் போட்டவர்கள், அதில் ஒன்றுக்கு கிராமி இசை விருதும் வாங்கியவர்கள். சூரியன் ஒளிரும் வாயுத் திரள் என்று சொல்லும் ஒரு பழைய கல்விப் பாட்டைத் தொண்ணூறுகளில் எடுத்துப் பாடிப் பிரபலமாக்கினார்கள். சூரியன் வாயு கிடையாது, பிளாஸ்மா. 2009ல் போட்ட அறிவியல் ஆல்பத்தில் அந்தப் பழைய பாட்டையும் பாடி, அதற்கு அடுத்தாற்போலவே அதைத் திருத்தி ஒரு புதுப் பாட்டையும் வைத்தார்கள். திருத்தப் பாட்டும் ஆட வைக்கும் பாட்டுதான். நம் பாடநூல் போடுகிறவர்கள் ஒரு பிழைக்கு இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி.

‘புக்’கில் ‘இஃப் டே ஃபார் வின்னிபெக்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. டைனோசரும் கோமாளியும் உங்களை எரிச்சல்படுத்தியதில் இது காதில் விழாமல் போயிருக்கலாம். இஃப் டே என்பது நிஜமாக நடந்த ஒரு நாள், 1942 பிப்ரவரி 19. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் போர்ச் செலவுக்கான பத்திரங்களை மக்களிடம் விற்பதற்காக, நாஜிப் படை ஊரைப் பிடித்துவிட்ட மாதிரி நாள் முழுக்க ஒரு நாடகம் போட்டார்கள். உள்ளூர்க்காரர்களே ஜெர்மன் சீருடை மாட்டிக்கொண்டார்கள், சீருடைகள் ஹாலிவுட்டிலிருந்து வாடகைக்கு வந்தவை. மேயரைக் கைது செய்தார்கள், நூலக வாசலில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள், ஊருக்கு நாஜித் தலைவன் ஹிம்லரின் பெயரை வைத்தார்கள். மாலையில் எல்லாம் முடிந்து கைதிகள் விடுதலை, அணிவகுப்பு, பணம் வசூல். அன்று ஒரே நாளில் 30 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

அந்தத் தேதியை நம் ஊர் நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். உங்கள் பினாங்கு 1941 டிசம்பரிலேயே குண்டு வாங்கி ஜப்பான்காரனிடம் போய்விட்டது. கோலாலம்பூர் ஜனவரி 11. சிங்கப்பூர் சரணடைந்தது பிப்ரவரி 15. நான்கு நாள் கழித்து வின்னிபெக்கில் ஒப்பனை போட்டு, ‘இப்படி நடந்தால் எப்படி இருக்கும்’ என்று நடித்துப் பார்க்கிறார்கள். நமக்கு அது ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் யாரும் வந்து ஆட்டம் முடிந்தது என்று சொல்லவில்லை, மூன்றரை வருஷம் சொல்லவில்லை. பாட்டைக் கேட்கும்போது எனக்கு ஓடியது இந்தக் கணக்குதான். இரண்டு ஜான்களும் மலாயாவை நினைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை, ஆனால் கேட்கிறவன் நான்.

என் பாட்டி தோட்டத்து லயத்தில் ஜப்பான் காலத்தைக் கழித்தவர். அந்தக் கதைகளைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். காவலுக்கு நிற்கிறவனுக்கு எவ்வளவு குனிய வேண்டும், குறைவாகக் குனிந்தால் அறை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றெல்லாம் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். நாங்கள் பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்துவோம். இச், நி, சான் என்று எண்ணிக்கொண்டு கூட்டாளிகளோடு வரிசையாக நடந்ததை, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரு கட்டு கொண்டுபோய் மரவள்ளிக்கிழங்கு வாங்கியதை, எல்லாம் பாட்டாகவே படிப்பார். அவருடைய அண்ணன் ஜப்பான்காரனுக்காக சயாம்–பர்மா ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அந்த வேலைக்கு இங்கிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் ஒருவர். அந்த ஒரு விஷயத்தைப் பாட்டி எங்களுக்குச் சொன்னதே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். துக்கத்தில் இருப்பவர் துக்கமாகத்தான் பாட வேண்டும் என்ற உங்கள் கணக்கு பாட்டிக்கு ஒத்து வராது தம்பி.

ஆல்பம் முழுக்கவும் பொன் என்று நான் சொல்லவில்லை. ‘வெயிட் ஆக்சுவலி யா நோ’ பாட்டுக்குத் தலைப்பே போதும், அதற்குமேல் பாட்டு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மூன்று பாட்டுகளில் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1990ல் வந்த ‘ஃப்ளட்’ அளவுக்கு இது வராது. (அந்த ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுக் கச்சேரிகளைத்தான் கொரோனா தள்ளிப் போட்டது.) ஆனால் தொடக்கப் பாட்டைப் பாருங்கள், ‘சினாப்ஸிஸ் ஃபார் லேட்கமர்ஸ்’, தாமதமாக வந்தவர்களுக்குக் கதைச்சுருக்கம். யாருமே இன்னும் வந்து உட்காராத நேரத்தில் முதல் பாட்டாக அதை வைத்திருக்கிறார்கள். ‘ஐ லாஸ்ட் தர்ஸ்டே’ என்று ஒரு வியாழக்கிழமையைத் தொலைத்த பாட்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் கிடந்து என்ன கிழமை என்றே தெரியாமல் போன நம்மில் யாருக்கு இது புரியாது? நோயும் நோவும் உள்ள காலத்தில் இது தேவையா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தேவைப்பட்டது.

இன்னொன்று, நீங்கள் பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். இதோடு வந்த 144 பக்கப் படப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரயன் கார்ல்சன் தெருவில் எடுத்த படங்கள், எதிர்ப்பக்கத்தில் பாட்டு வரிகள். வரிகளைக் கம்ப்யூட்டரில் அடிக்காமல் பழைய ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரத்தில் அடித்திருக்கிறார் வடிவமைத்த பால் சாரே. தட்டிய எழுத்து மேலேயே இன்னொன்றைத் தட்டி, வரியைச் சாய்த்து, குவித்து, விரல் வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

ஆலிகேட்ஸ் பற்றி உங்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதன் பாடகர் லோகநாதன் குரலுக்கு நானும் அடிமை. ஆனால் பழைய பாட்டு தரும் நிம்மதியைப் புதுப் பாட்டிடம் கேட்டால் எந்தக் குழுவும் தேறாது.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லி அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், அனுப்ப மாட்டேன். கொரோனாத் தடை நீங்கி மாநிலம் கடக்கலாம் என்று 2021 அக்டோபரிலேயே திறந்துவிட்டார்கள். கோலாலம்பூர் வந்தால் சொல்லுங்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்