ஒலிபரப்பு மிக்சரில் ஆளுக்கு ஏற்ற அனுமதி எதற்கு?

ஸ்டுடியோ மிக்சரில், அதாவது பல ஒலிகளைக் கலந்து வெளியே அனுப்பும் கருவியில், யார் எதைத் தொடலாம் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் பயனர் அனுமதி. நிகழ்ச்சி நடத்துபவருக்கு மைக், பாட்டு, தொலைபேசி அழைப்பு, இவற்றின் ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்து குமிழ்களான ஃபேடர்கள் போதும். எந்த ஒலி எந்த வழியாக வெளியே போகிறது என்பதை மாற்றும் அமைப்புப் பக்கம் பொறியாளருக்கு மட்டும் திறக்க வேண்டும். ஏனென்றால், இப்போது பல ஸ்டுடியோக்கள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. இந்த அறையில் தவறாக மாற்றினால் பக்கத்து அறையின் நேரலை ஊமையாகிவிடலாம்.

பேருந்தில் பயணி ஜன்னலைத் திறக்கலாம், ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. அதே கணக்குதான்.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் யார் மாற்றினார் என்றே தெரியாது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆள்மேல் நம்பிக்கை இல்லாததால் பூட்டுகிறார்கள் என்று பலர் வருந்துவார்கள். நேரலையைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும் பரபரப்பில் அனுபவசாலியின் விரலும் தவறும், அதற்காகத்தான் இந்தப் பூட்டு.