வயிறு கலங்கும் நாய்க்கு என்ன உணவு?

கேள்வி: எங்கள் மூன்று வயது நாய்க்கு மாதத்தில் இருமுறையாவது வயிற்றோட்டம் வருகிறது. மீன்கறி பிசைந்த சோறும் மாலையில் பாலும் கொடுக்கிறோம். உலர் உணவுக்கு மாற்றலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாற்றலாம், ஆனால் முதலில் இப்போதைய தட்டைப் பாருங்கள். சோற்றின் மீது குற்றமில்லை. கறியிலுள்ள தேங்காய்ப்பாலின் கொழுப்பும் மிளகாய்த்தூளும் வயிற்றைக் கலக்கக்கூடியவை. வெங்காயமும் உள்ளியுமோ நாயின் செங்குருதிக் கலங்களையே சிதைப்பவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லக்டோசு செரிப்பதில்லையாதலால், எவ்வளவு கெஞ்சினாலும் பாலை இன்றே நிறுத்துங்கள். வயிறு கலங்கிய நாட்களில், தோலும் எலும்பும் நீக்கி உப்பின்றி அவித்த கோழி இறைச்சியைக் குழைந்த சோற்றுடன் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அது ஓரிரு நாள் பத்தியமே, நிரந்தர உணவன்று. உலர் உணவை முதலிரு நாட்கள் காற்பங்கு, பின்னர் அரைப்பங்கு எனக் கூட்டி, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்றுங்கள்.

மலத்தில் இரத்தமோ தொடர் வாந்தியோ கண்டால் காத்திராமல் மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். மலப் பரிசோதனையில் புழு இல்லையென்று தெரிந்தும் வயிற்றோட்டம் நீடித்தால், உணவு ஒவ்வாமையா என்று அறிய, நாய் இதுவரை உண்ணாத ஒரேயொரு புரதம் (ஒரு புதிய இறைச்சி வகை போல) மட்டுமே உள்ள உணவைச் சுமார் 8 வாரங்கள் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அக்காலத்தில் யாரேனும் மேசைக்கடியில் நழுவவிடும் ஒரு பிஸ்கட் துண்டே முழு முயற்சியையும் கெடுத்துவிடும்.