அப்பாவின் சீட்டும் மகனின் ஆப்ஷனும்

வணக்கம் தம்பி,

உங்களைவிட மூத்தவன் என்பதால் இப்படி அழைக்கிறேன். சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். செவ்வாய்பேட்டைக் கடைகளில் வெள்ளியை எடை போட்டு வாங்கிவந்து, கொலுசாக்கிக் கொடுத்துக் கூலி வாங்கும் தொழில். மகன் பொறியியல் முடித்துவிட்டு, பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாகச் செல்போனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான். நான்கு லட்சம் போய்விட்டது என்று சென்ற மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டால், அது கற்றுக்கொள்ள ஆன செலவு என்கிறான். இப்போது நல்ல மென்பொருள் ஒன்று வாங்கியிருக்கிறானாம். நான் கட்டிவரும் ஏலச்சீட்டை எடுத்துக் கொடுத்தால் ஒரே வருடத்தில் மீட்டுவிடுவானாம். என் மனைவியோ, வெள்ளி ஏறிக்கொண்டே போகிறது, அந்தப் பணத்துக்கு வெள்ளி வாங்கிப் போடுங்கள் என்கிறாள். நான் எட்டாவது வரை படித்தவன். அவனோடு வாதாடத் தெரியவில்லை. நீங்கள் மென்பொருள் துறையில் இருப்பவர். யார் சொல்வது சரி?

சேலம் வாசகர் ஒருவர் (பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அண்ணா,

சீட்டை எடுத்துக் கொடுக்காதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகனின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. இந்தப் பேச்சு வீட்டில் பெரும்பாலும் தப்பாகத் தொடங்குவது அங்கேதான். 'உனக்கு என்ன தெரியும்' என்று அப்பா கேட்பார். தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க மகன் இன்னும் கொஞ்சம் பணம் போடுவார். அவர் புத்திசாலியா என்பதல்ல கேள்வி. எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் கேள்வி.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்தான் ஆப்ஷன், அதைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தம் ஃப்யூச்சர்ஸ். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரே ஒரு சதவீதம். அடுத்த ஆண்டான 2024-25க்கும் செபி கணக்குப் பார்த்தது, நஷ்டமடைந்தவர்கள் 91 சதவீதம். அந்தக் கூட்டத்தில் உங்கள் மகனைப்போல் படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. 2023-24இல் தரகு நிறுவனங்கள் போன்றவை தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுச் செய்த வர்த்தகத்தில் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாயும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 28,000 கோடி ரூபாயும் லாபம் பார்த்தன. அந்த லாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய்க்கும் மேல், மனிதர் கை படாமல் கணினி நிரல்களே முடிவெடுத்து வாங்கி விற்றதால் வந்தது. என் துறை என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். உங்கள் மகன் திரையைத் தொட்டதும் அந்த ஆணை செல்போன் கோபுரம் வழியாகத் தரகு நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கே சரிபார்க்கப்பட்டு, பிறகு மும்பையில் உள்ள சந்தைக் கணினியை அடைகிறது. பெரிய நிறுவனங்களோ சந்தைக் கணினி இருக்கும் வளாகத்திலேயே வாடகைக்கு இடம் எடுத்துத் தங்கள் கணினிகளை வைத்திருக்கின்றன. அது சட்டப்படியான ஏற்பாடுதான். விலை அசைந்து, அதை உங்கள் மகன் கண்ணால் பார்த்து, விரலைத் தூக்குவதற்குள் அந்தக் கணினிகள் ஆயிரக்கணக்கான முடிவுகளை எடுத்து முடித்திருக்கும். இந்த இடைவெளியை உழைப்பாலோ படிப்பாலோ நிரப்ப முடியாது.

ஆப்ஷன் என்ற பொருளின் குணம் இன்னொன்று. அதற்கு ஆயுள் உண்டு. ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி குறியீட்டின் வாராந்திர ஆப்ஷன் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் காலாவதியாகிறது. சந்தை அசையாமல் நின்றால்கூட, வாங்கியவர் கையில் இருக்கும் ஆப்ஷனின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வரும். அதனால் திசையைச் சரியாகக் கணித்தவரும் நேரத்தில் தவறினால் நஷ்டப்படுவார். இதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் தரகு, பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைக் கட்டணம், ஜி.எஸ்.டி. உங்கள் தொழிலில் சேதாரம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு உருக்கிலும் கொஞ்சம் போகும் என்பதால்தான் பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட நீங்கள் வீசுவதில்லை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இந்தச் சேதாரம் 2023-24இல் ஒருவருக்குச் சராசரியாக 26,000 ரூபாய். ஜெயித்தவரும் கட்டினார், தோற்றவரும் கட்டினார்.

அவர் புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருளைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். இப்படிப்பட்டவற்றை விற்பவர்கள், கடந்த ஐந்து வருட விலைகளில் எங்கள் முறை இவ்வளவு லாபம் தந்திருக்கும் என்று ஒரு வரைபடம் காட்டுவார்கள். நடந்து முடிந்த விலைகள் கையில் இருக்கும்போது, அவற்றுக்குப் பொருந்துகிற விதியைக் கண்டுபிடிப்பது நிரல் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை. இந்த எண்ணை மாற்று, அந்த எண்ணை மாற்று என்று கோடு மேலே போகும்வரை திருத்திக்கொண்டே இருக்கலாம். நாளைய விலைக்கு அது பொருந்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உங்கள் மகனும் மென்பொருள்காரர் என்பதால் இதைச் சொன்னால் அவருக்கு உடனே புரியும். விற்பவர் செபியிடம் பதிவு பெற்றவரா, பதிவு எண் என்ன என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஆப்ஷனும் ஃப்யூச்சர்ஸும் வேண்டாத பொருள்கள் என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்பேட்டையில் சொந்தப் பணத்தில் 30 கிலோ வெள்ளி இருப்பு வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், விலை விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் உலோகம் போன்ற பண்டங்களுக்கான எம்.சி.எக்ஸ். சந்தையில் அதே அளவு வெள்ளியை முன்கூட்டியே விற்றுவைக்கலாம். விலை சரிந்தால் கடையில் வரும் நஷ்டத்தை அங்கே வரும் லாபம் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். இந்தச் சந்தைகள் உருவானதற்கு முக்கியக் காரணமே அந்தப் பாதுகாப்பு. சம்பளத்தைத் தவிர வேறு இருப்பு இல்லாத ஒரு இளைஞருக்குப் பாதுகாக்க அங்கே என்ன இருக்கிறது?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அந்தச் செயலிகளின் வடிவமைப்பைப் பார்க்கும்போதுதான். ஒரு நிலையான வைப்பைப் பாதியில் முறிக்க வேண்டும் என்றால் வங்கி இரண்டு முறை கேட்கிறது, அபராதம் எவ்வளவு என்று சொல்கிறது. ஒரு மாதச் சம்பளத்தை மதிய உணவு இடைவேளையில் தொலைப்பதற்கு ஒரு விரல் போதும். அதைச் சுலபமாக்க எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் துறையில் அதற்குத்தான் நல்ல சம்பளம். நஷ்டத்தை உள்ளபடி சொல்வதற்கு அதில் பாதி உழைப்பாவது தந்திருக்கலாம். செபி 2024 நவம்பர் முதல் நிஃப்டி போன்ற குறியீடுகளின் மேலான ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதும், வாராந்திர ஆப்ஷன்களை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியதும் நல்ல நடவடிக்கைகள். ஆனால் அவை நடுவில் வந்த 2024-25இலும் 91 சதவீதம் என்றால், சட்டம் வரட்டும் என்று வீடுகள் காத்திருக்க முடியாது.

உங்கள் ஏலச்சீட்டுக்கு வருகிறேன். சீட்டுக் கட்டுவதைப் பழங்காலப் புத்தி என்று உங்கள் மகன் நினைத்தால் அது தவறு. மாதம் தவறாமல் கட்ட வைக்கிறது, நினைத்த நேரத்தில் கைவைக்க விடுவதில்லை. அவசரத்துக்குத் தள்ளி எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் நடத்துபவர் நல்ல மனிதர், சொந்தக்காரர் என்பது மட்டும் போதாது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். அந்தச் சட்டப்படி நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்டியிருக்க வேண்டும், கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு இல்லை என்றால், இந்தச் சீட்டை முடித்துக்கொண்டு அடுத்ததில் சேராதீர்கள். வரும் பணத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ போடுங்கள். வங்கியில் ஒருவர் பெயரில் இருக்கும் வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

அண்ணியார் சொல்லும் வெள்ளி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2025இல் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது உண்மைதான். ஆனால் 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, மார்ச் முடிவதற்குள் 11 டாலருக்குக் கீழே போனது. 2011 ஏப்ரலில் மறுபடியும் 50ஐ நெருங்கிச் சரிந்தது. அந்த உயரத்தைத் தெளிவாகத் தாண்ட 2025 அக்டோபர் வரை ஆனது. அதைவிட முக்கியம், உங்கள் சோறே வெள்ளியில்தான் இருக்கிறது. விலை ஏறினால் ஜனங்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்பார்கள், அல்லது வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், பட்டறைக்கு வேலை குறையும். வருமானமும் சேமிப்பும் ஒரே உலோகத்தைச் சார்ந்திருக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருப்பது இருக்கட்டும், சீட்டுப் பணத்துக்கு வாங்க வேண்டாம்.

மகனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கஷ்டம். திட்டாதீர்கள். இரண்டு வருடம் மறைத்துவைத்திருந்தார் என்றால் அந்த இரண்டு வருடமும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். கடன் வாங்கி இதில் போட்டாரா, தனிநபர் கடனா, கிரெடிட் கார்டா என்பதை முதலில் கேளுங்கள். இருந்தால் அதை அடைப்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். பிறகு, தரகு நிறுவனத்தின் தளத்திலிருந்து வரிக்கான லாப நஷ்ட அறிக்கையை எடுத்து, கட்டணங்களையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். நான்கு லட்சம் என்பது கட்டணம் சேராத தொகையாகவும் இருக்கலாம். கணக்கில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவை மட்டும் முடக்கிவைக்கும்படி அந்த நிறுவனத்திடம் கேட்கலாம். பங்குகளோ மியூச்சுவல் ஃபண்டோ வைத்திருந்தால் அவற்றைத் தொட வேண்டாம், அவை வேறு விஷயம்.

இந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் அவர் காட்டியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். சம்பளத்தில் இதைக் கழிக்க முடியாது. ஆனால் உரிய கடைசி நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்குள் உங்கள் பட்டறையை அவர் எடுத்து நடத்த முன்வந்தால் அந்த வருமானத்துக்கும் இது பொருந்தும். ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.