எல்லா ஊசியும் போட்டாச்சு!

கேள்வி: முகநூலில் பார்த்து 22,000 ரூபாய்க்கு ஒரு பேர்ஷியன் பூனைக்குட்டி வாங்கினேன். 45 நாள் குட்டி, மூன்று ஊசியும் போட்டாச்சு என்று அட்டையும் தந்தார்கள். நாலாம் நாள் வாந்தி, வயிற்றோட்டம். ஆறாம் நாள் செத்துவிட்டது. காசு திரும்பக் கிடைக்குமா? (கல்லடி)

பதில்: பிழை உங்களுடையது அல்ல. அந்த அட்டையே பொய்க்குச் சாட்சி. முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போகும். 45 நாளில் ஒன்று போட்டிருக்கலாம். மூன்று எப்படி?

நானும் இப்படி ஏமாந்தவன்தான். என் குட்டியின் அட்டையில் மூன்று திகதியும் ஒரே நீலப் பேனையில், ஒரே சரிவில் இருந்தன. குட்டியைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன். ஒழுங்காகப் போட்ட ஊசி என்றால் மருந்துக் குப்பியில் இருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மிருக வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கும்.

அட்டை, காசு போட்ட சிட்டை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசி 1977. இன்னொன்று: நீங்கள் சொல்லும் குறிகள் பன்லூக்கோபீனியா என்ற, பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோய் போலத் தெரிகிறது. அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்கூடக் கிடக்கும். வாசனைத் தரைகழுவிக்கு அது சாகாது, பிளீச் வேண்டும். ஊசி முடியாத குட்டி எதையும் இப்போதைக்கு அந்த வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டை விட்டு இறங்காத பூனைக்கும் ஊசி தேவையா? (காத்தான்குடி)

பதில்: உங்கள் செருப்பு இறங்குகிறதே, கிருமி அதில் ஒட்டி வரும். தேவை.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தடுப்பூசிக் குப்பியை மலிவாகத் தந்தார். கொழும்பில் இருந்து பஸ்ஸில் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். நானே போடலாமா? (ஏறாவூர்)

பதில்: போட வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது, எனக்கும் அலுத்துவிட்டது. தடுப்பூசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய சரக்கு. ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் சொப்பிங் பையில் வெந்தது ஒரு கேடு, அதை ஃப்ரீசரில் உறைய வைத்தது இன்னொரு கேடு. மீன் கெட்டால் மணக்கும், பால் கெட்டால் திரையும். தடுப்பூசி கெட்டால் நிறமும் மாறாது, மணமும் வராது. நோய் வரும்போதுதான் தெரியும். அதனால் காசு கொடுக்கும் முன் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்: குளிர்சாதனப் பெட்டியில் வெப்பமானி இருக்கிறதா? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? தடுப்பூசித் தூளையும் அதைக் கரைக்கும் நீரையும் என் கண்முன் கலப்பீர்களா? கலந்தால் உடனே ஏற்ற வேண்டும், காலையில் கலந்ததைப் பின்னேரம் போடுவது வேலைக்காகாது. வீட்டுக்கு வந்து போடுகிறவர் ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டி இல்லாமல் சட்டைப் பையில் இருந்து குப்பியை எடுத்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மூன்று நோய்க்கான ஊசி போட்டாயிற்று. விசர்நோய்க்கும் அது காணும்தானே? (அக்கரைப்பற்று)

பதில்: காணாது. அந்த மூன்றும் பன்லூக்கோபீனியாவும் பூனைச் சளி தரும் இரண்டு வைரஸும். விசர்நோய்க்குத் தனி ஊசி, 12 வாரத்தில் இருந்து. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். பூனை கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஊசி போட்டும் தும்முகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (கல்முனை)

பதில்: இல்லை. சளி ஊசி நோயை முழுதாக மறிக்காது, கடுமையைக் குறைக்கும். மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல், ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பனடோல் கொடுக்கவே வேண்டாம், பூனையைக் கொன்றுவிடும்.